கிராஃப்டிங் அமைப்பு வடிவமைக்க: வாள் உடையும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

சொந்தமாக ஓர் ஆன்லைன் ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு) எழுதிப் பார்க்க உட்காரும் பலரும் முதல் வாரத்திலேயே எக்செல் தாளைத் திறந்து இரும்பு வாள், எஃகு வாள், வெள்ளி வாள் என்று அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நண்பர்கள் பதினைந்து பேர் விளையாட ஒரு சின்ன எழுத்துவழி ஆட்டம். படம் கிடையாது, வெறும் கட்டளைகள். அதில் 140 செய்முறைகள் எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில் எல்லோர் கையிலும் எல்லாம் இருந்தது. கொல்லர் வேலையை எடுத்திருந்த நண்பன், "மச்சான், இனிமே நான் யாருக்குடா வாள் அடிக்கிறது?" என்று கேட்டான். 140 செய்முறையில் அதற்குப் பதில் இல்லை.

கிராஃப்டிங்கை, அதாவது மூலப்பொருளிலிருந்து ஆட்டக்காரரே பொருள் செய்யும் அமைப்பை, முதல்முறை வடிவமைப்பவர்கள் எந்த வரிசையில் யோசித்தால் அந்தக் கேள்வியில் மாட்டாமல் இருக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

1. யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார்?

தனியாள் விளையாட்டில் கிராஃப்டிங் எளிது. மரம் வெட்டுகிறவரும் நாற்காலி செய்கிறவரும் அதில் உட்காருகிறவரும் ஒரே ஆள். ஆன்லைனில் இரண்டாவது ஆள் வந்துவிடுகிறார். அவருக்கு உங்கள் நாற்காலி ஏன் வேண்டும் என்பதைச் சொல்ல முடியாவிட்டால், நீங்கள் செய்வது ஆயிரம் பேர் ஒரே அறையில் தனித்தனியாக ஆடும் தனியாள் விளையாட்டு.

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். யார் எதைச் செய்வார், யார் அதை வாங்குவார், வாங்கியவர் பதிலுக்கு எதைக் கொண்டுவருவார்? என்னுடைய இரண்டாவது முயற்சியில் எழுதியது இது: "கொல்லர் அடிக்கும் வாளை வேட்டைக்காரர் வாங்குவார், வேட்டைக்காரர் கொண்டுவரும் தோலைக் கொல்லர் வாங்குவார்." பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் பிறகு எழுதிய ஒவ்வொரு செய்முறையும் இந்த வாக்கியத்துக்கு உதவுகிறதா என்று கேட்டதில் 140 என்பது 22 ஆகிவிட்டது.

இன்னொன்றும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். கிராஃப்டிங் ஒரு முழுநேரத் தொழிலா, சண்டைக்கு நடுவே செய்யும் கைவேலையா? 2003-இல் வந்த விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைனில் ஒருவர் வருடக்கணக்கில் ஒரு குண்டுகூடச் சுடாமல் கப்பல் கட்டியும் விற்றும் வாழலாம். கில்ட் வார்ஸ் 2-இல் சண்டைக்காரரே ஓய்வு நேரத்தில் தன் கவசத்தைத் தைத்துக்கொள்வார். இரண்டும் சரிதான். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் அரைகுறையாகக் கலந்தால் தொழிலாளிக்கு வேலை இருக்காது, சண்டைக்காரருக்கு அலுப்பாக இருக்கும்.

2. பொருள் எங்கே சாகிறது?

செய்முறை எழுதுவதற்கு முன்னால் பொருள் எப்படி அழியும் என்பதை எழுதுங்கள். பலர் இதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் இதுதான் முதல் வேலை, பாதி வேலையும் இதுவேதான்.

பொருள் உலகத்துக்குள் வரும் வழியை ஊற்று என்றும் வெளியேறும் வழியை வடிகால் என்றும் வைத்துக்கொள்வோம். சுரங்கம், காடு, மான்ஸ்டர் எல்லாம் ஊற்று. உடைவது, தின்பது, எரிவது, தொலைவது எல்லாம் வடிகால். ஊற்று மட்டும் இருந்தால் ஊர் மிதக்கும்.

1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் இதற்கு வேறொரு வழியை யோசித்தது. உலகத்தில் உள்ள மூலப்பொருளின் மொத்த அளவு நிலையானது. ஒரு பொருள் தேய்ந்து அழிந்தால் அதிலிருந்த இரும்பு மறுபடி பொதுக் கிடங்குக்குத் திரும்பி, மலையில் தாதுவாக முளைக்கும். தாளில் பார்த்தால் அழகு. நடந்தது என்னவென்றால், ஆட்டக்காரர்கள் எதையும் தூக்கிப் போடவில்லை. பெட்டி பெட்டியாக வீட்டில் அடைத்து வைத்தார்கள். கிடங்குக்கு எதுவும் திரும்பாததால் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. கடைசியில் அந்த மூடிய சுழற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. பழைய பித்தளைப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றி வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எதிர்முனையில் ஈவ் ஆன்லைன் இருக்கிறது. அங்கே பறக்கும் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே ஆட்டக்காரர்கள் கட்டியவை. வெடித்தால் போனதுதான், காப்பீட்டில் கொஞ்சம் பணம் வரலாம், கப்பல் வராது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் நடந்த போரில் டைட்டன் என்ற மிகப்பெரிய வகைக் கப்பல்கள் 75 அழிந்தன. ஒரு டைட்டனைக் கட்டி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். அழிவு நிகழும் ஒவ்வொரு தடவையும் தாது வெட்டுகிறவருக்கும் கப்பல் கட்டுகிறவருக்கும் மறுபடி வேலை வருகிறது.

உங்கள் ஆட்டம் அவ்வளவு கொடூரமாக இருக்க வேண்டியதில்லை. மெதுவான வடிகால்கள் நிறைய உண்டு. அம்பு, மருந்து, சாப்பாடு மாதிரி ஒருமுறை பயன்படுத்தித் தீர்பவை. பழுது பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு பழுதிலும் உச்ச வலிமை கொஞ்சம் குறையும் என்ற விதி. இரண்டு சாதாரண வாளை உருக்கினால்தான் ஒரு நல்ல வாள் என்ற விதி. ஒருமுறை அணிந்துவிட்டால் பிறருக்கு விற்க முடியாது என்று வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் உள்ள விதியும் ஒரு வடிகால்தான். பொருள் அழிவதில்லை, சந்தையிலிருந்து வெளியேறுகிறது.

சரி, இப்போது கணக்கு. எல்லாவற்றையும் நிமிடத்தில் எழுதுங்கள். தங்கக்காசில் எழுதாதீர்கள், காசின் மதிப்பு பின்னால் மாறும், நிமிடம் மாறாது.

ஒரு தாது வெட்ட 1 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளுக்கு 18 தாது, அதாவது 18 நிமிடம். கரிக்கு 3 நிமிடம். கைப்பிடித் தோலுக்கு 4 நிமிடம். ஆக ஒரு வாள் என்பது 25 நிமிட உழைப்பு. வாள் 10 மணி நேரச் சண்டை தாங்கும். 100 வேட்டைக்காரர்கள் தினமும் 2 மணி நேரம் ஆடினால் 200 மணி நேரச் சண்டை, நாளுக்கு 20 வாள் உடையும். 20 வாளுக்கு 500 நிமிட உழைப்பு. ஒரு தொழிலாளியும் நாளுக்கு 2 மணி நேரம்தான் ஆடுவார், அதாவது 120 நிமிடம். 500-ஐ 120-ஆல் வகுத்துப் பாருங்கள்: நாலு பேர்!

நூறு வேட்டைக்காரர் உள்ள ஊரில் வாள் தொழில் நாலு பேருக்குத்தான் சோறு போடும். அந்த ஊரில் முப்பது பேர் கொல்லர் வேலையை எடுத்தால் இருபத்தாறு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வாள் உடையவே உடையாது என்றால் நிலைமை இன்னும் மோசம். நூறு வாளுக்கு மொத்தம் 2,500 நிமிடம். முப்பது பேர் சேர்ந்தால் நாளுக்கு 3,600 நிமிடம் இருக்கிறது. முதல் நாளே தொழில் முடிந்துவிடும். என் நண்பனுக்கு மூன்று வாரம் தாங்கியதே பெரிது.

இதைத் தலைகீழாகவும் போடலாம். முப்பது தொழிலாளிகளுக்குத் தினமும் ஒரு மணி நேர வேலையாவது வேண்டும் என்றால் நாளுக்கு 1,800 நிமிடம். அதை 200 மணி நேரச் சண்டையில் பகிர்ந்தால், ஒரு மணி நேரச் சண்டை 9 நிமிட உழைப்பைத் தின்ன வேண்டும். வாள் 2.5 நிமிடம்தான் தின்கிறது. மீதி 6.5-ஐ எது தின்னும்? 20 மணி நேரம் தாங்கும், 60 நிமிட உழைப்புள்ள கவசம் ஒரு 3 நிமிடம். மணிக்கு இரண்டு மருந்துக் குப்பி 2 நிமிடம். சாப்பாடு 1.5 நிமிடம். கணக்கு நேராகிவிட்டது, கூடவே உங்கள் ஆட்டத்துக்கு எந்தெந்தத் தொழில்கள் தேவை என்ற பட்டியலும் தானாக வந்துவிட்டது.

3. மூலப்பொருள்: எல்லா இரும்பும் ஒன்றா?

இதில் நான் கொஞ்சம் ஒருதலைப்பட்சமானவன். 2003-இல் வந்து 2011 டிசம்பரில் மூடப்பட்ட ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் செய்ததைவிடச் சுவையான ஒன்றை இன்றுவரை யாரும் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அங்கே செம்பு என்றால் வெறும் செம்பு இல்லை. ஒவ்வொரு முறை உலகத்தில் தோன்றும் செம்புக்கும் தனிப் பெயர், தனி எண்கள்: மின்கடத்தும் திறன், கடினம், ஒட்டுமொத்தத் தரம் என்று பல குணங்கள், ஒவ்வொன்றும் ஆயிரம் வரை. கொஞ்ச நாள் ஒரு கிரகத்தில் சில இடங்களில் இருக்கும், அப்புறம் மறைந்துவிடும். அதே எண்களோடு திரும்பி வராது. அதனால் அளவைக் கருவியோடு அலைந்து நல்ல இடம் தேடுவதே ஒரு விளையாட்டாகிவிட்டது. நல்ல செம்பு கிடைத்த வாரத்தில் இயந்திரங்களை நட்டு லட்சக்கணக்கில் சேர்த்து வைத்தவர், பிற்பாடு அதே குணமுள்ள பொருள் யாரிடமும் இல்லாத காலத்தில் ராஜா.

செய்யும்போதும் அந்த எண்கள் பேசும். முதலில் பாகங்களை இணைப்பது, பிறகு சோதனைப் புள்ளிகளைச் செலவிட்டு ஒரு குணத்தை உயர்த்துவது. மாதிரி திருப்தியாக வந்தால் அதை வரைபடமாக்கித் தொழிற்கூடத்தில் ஒரே மாதிரிப் பிரதிகள் எடுக்கலாம். "இந்தத் துப்பாக்கி யாரிடம் வாங்கியது?" என்று ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கிராஃப்டிங்குக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது?

ஆனால் அப்படியே நகல் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு செம்பும் வேறு வேறு என்றால் பையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. கிடங்கு வீங்கும், டேட்டாபேஸ் வீங்கும், புதிதாக வந்தவருக்குத் தலை சுற்றும். தொடக்கநிலையில் இப்படி வைத்துப் பாருங்கள்: மூலப்பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டே குணம், ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று தரம். இரும்புக்குக் கடினம், நெகிழ்வு. இரண்டும் தாழ்வு, நடு, உயர்வு. ஆக ஒன்பது வகை இரும்பு. எந்தச் சுரங்கத்தில் எந்த வகை என்பது வாரம் ஒருமுறை மாறும். கடினம் கூடினால் வாள் நன்றாக வெட்டும், நெகிழ்வு கூடினால் நெடுநாள் உழைக்கும். இவ்வளவு போதும். "இந்த வாரம் வடக்குச் சுரங்கத்தில் என்ன?" என்ற பேச்சு தானாக வந்துவிடும்.

ஒரு சுரங்கத்துக்கு இருவர் ஒரே நேரத்தில் ஓடினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முதலில் தொட்டவருக்கே என்றால் போட்டியும் சண்டையும் வரும், தானியங்கி நிரல் வைத்து அள்ளுகிறவர்களும் வருவார்கள். கில்ட் வார்ஸ் 2-இல் ஒவ்வொருவருக்கும் அதே பாறை தனித்தனியாகக் காத்திருக்கும். பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றால் எரிச்சல் வராது. அமைதியான ஆட்டம் வேண்டுமென்றால் இரண்டாவதுதான்.

4. சங்கிலியின் நீளம்

இது சுருக்கமான படி. தாது, கட்டி, வாள் என்று மூன்று கண்ணி போதும். நடுக் கண்ணி பல செய்முறைகளுக்குப் பொதுவாக இருக்கட்டும். இரும்புக் கட்டி வாளுக்கும் வேண்டும், ஆணிக்கும் வேண்டும், சட்டிக்கும் வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு சந்தை உருவாகும்.

தொழிலாளிகள் ஒருவரை ஒருவர் நம்பியிருக்கும்படி செய்யலாமா? செய்யலாம், பூட்டுப் போடாமல். 2004-இல் வந்த எவர்குவெஸ்ட் 2 தொடக்கத்தில் ஒரு தொழிலுக்கு மற்றொரு தொழிலின் பாகங்களைக் கட்டாயமாக்கியது. ஒரு தொழிலில் ஆள் குறைந்தால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் அதைத் தளர்த்தினார்கள். தோல் தொழிலாளி செய்த கைப்பிடி இருந்தால் வாள் நன்றாக இருக்கும், இல்லாவிட்டாலும் துணி சுற்றி ஒப்பேற்றலாம் என்று விடுங்கள்.

5. கற்றுக்கொள்ளும் பாதை

ரூன்ஸ்கேப்பில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. ரூன் மார்புக்கவசத்தை அணிய தற்காப்புத் திறன் 40 போதும். அதை உலையில் அடிக்கக் கொல்லர் திறன் 99 வேண்டும். 99 என்பது உச்சம். அதற்கு 1,30,34,431 அனுபவப் புள்ளி. அதாவது உலகத்திலேயே தலைசிறந்த கொல்லர் தன் வாழ்நாள் உழைப்பின் முடிவில், இடைநிலை ஆட்டக்காரர் போட்டுத் திரியும் கவசத்தைச் செய்யக் கற்றுக்கொள்கிறார்! ஆட்டத்தின் புதிய பதிப்பில் இதைச் சரிசெய்ய 2019-இல் சுரங்கம், கொல்லர் இரண்டு திறன்களையும் முழுவதுமாக மாற்றி எழுதினார்கள்.

பாடம் நேரடியானது. ஒரு தாளில் இரண்டு நெடுவரிசை போடுங்கள். ஒன்றில் பொருளைச் செய்யத் தேவையான லெவல், மற்றதில் அதை அணியத் தேவையான லெவல். செய்கிற லெவல் கொஞ்சம்தான் முன்பின் இருக்க வேண்டும். புதுக் கொல்லருக்குப் புது வேட்டைக்காரர் வாடிக்கையாளர். இருவரும் ஒன்றாக வளர வேண்டும்.

அடுத்த சிக்கல் பயிற்சிக் குப்பை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய முறையில் செய்முறைகள் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, சாம்பல் நிறத்தில் தெரியும். ஆரஞ்சு செய்தால் திறன் நிச்சயம் ஏறும், சாம்பல் செய்தால் ஏறாது. ஒரே பார்வையில் புரியும், அதற்கு முழு மதிப்பெண். ஆனால் எல்லோரும் என்ன செய்வார்கள்? இருப்பதிலேயே மலிவான ஆரஞ்சு செய்முறையைத் தேடி ஒரே கையுறையை நாற்பது முறை செய்து, கணினி இயக்கும் கடைக்காரப் பொம்மையிடம் தள்ளிவிடுவார்கள். நாற்பது கையுறையில் ஒன்றுகூட ஒரு மனிதர் கையில் ஏறாது.

இதற்கு இரண்டு மருந்து எனக்குத் தெரியும். ஒன்று, ஒவ்வொரு செய்முறையையும் முதல் தடவை செய்யும்போது பெரிய அனுபவம் கொடுப்பது. அப்போது பலவற்றைச் செய்து பார்ப்பார்கள். இரண்டு, ஆர்டர் முறை: வாடிக்கையாளர் பொருளும் கூலியும் வைத்துக் கேட்பார், தொழிலாளி செய்து கொடுப்பார். 2022-இல் வந்த டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டே இந்த இரண்டையும் சேர்த்தது. சிறிய ஆட்டமென்றால் ஊர்த் தலைவர் பாத்திரம் ஒன்றை வைத்து, "காவலர்களுக்குப் பத்துக் கையுறை வேண்டும்" என்று வாரம் ஒரு ஆர்டர் கொடுக்கச் செய்யலாம். பயிற்சிக் குப்பைக்கு அதுவே ஒரு வடிகால்.

6. உலைக்கு முன்னால் நிற்கும் அந்த நிமிடம்

பட்டனை அழுத்தினால் பட்டை நகர்ந்து பொருள் வருவது சலிப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். உடனே ஒரு மினி விளையாட்டை நுழைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இதில் மிக நன்றாகச் செய்தது ஃபைனல் ஃபேன்டஸி 14. தச்சர், கொல்லர், நெசவாளர், சமையற்காரர் என்று எட்டுத் தொழில். ஒவ்வொரு பொருளும் ஒரு சின்னச் சண்டை மாதிரி. பொருள் உடைவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், முடிப்பதற்குள் தரத்தையும் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு திறனுக்கும் ஆற்றல் செலவாகும். நடுவே நிலைமை "நன்று", "மிக நன்று", "மோசம்" என்று மாறும். நல்ல நேரத்தில் நல்ல திறனைப் போட்டால் தரம் எகிறும். முதல் முறை உயர்தரப் பொருள் வரும்போது கை தட்டத் தோன்றும்.

நூறாவது முறை? அதே ஆட்டம் 15 வரி மேக்ரோ (கட்டளைகளைத் தானாக வரிசையாக ஓட்டும் குறிப்பு) எழுத அனுமதிக்கிறது. யாரோ கணக்குப் போட்டு எழுதிய வரிசையை ஒட்டி, ஒரு பட்டனைத் தட்டிவிட்டுத் தேநீர் போடப் போய்விடுகிறார்கள். பிற்பாடு நிலைமை மிக அதிகமாக மாறும் கடினச் செய்முறைகளைத் தனியாகச் சேர்த்தார்கள். அவற்றில் மேக்ரோ எடுபடாது. நான் எடுத்துக்கொண்டது இந்தப் பிரிவினையைத்தான். ஆணி, கட்டி, அம்பு மாதிரி மொத்தமாகச் செய்பவை ஒரே தட்டலில் ஐம்பது முடியட்டும். பெயர் பொறித்து விற்கும் தலைசிறந்த வாளுக்கு மட்டும் முழுக் கவனமும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சுத்தியலை ஆட்டச் சொன்னால் கை வலிதான் மிஞ்சும்.

அதிர்ஷ்டத்தைச் சேர்க்கிறீர்கள் என்றால் வாய்ப்பு எவ்வளவு என்று திரையில் காட்டிவிடுங்கள். 2002-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 11-இல் மறைந்திருந்த விதிகளால் ஆட்டக்காரர்கள் எந்தத் திசை பார்த்து நின்று செய்வது, எந்தக் கிழமை, நிலவு வளர்பிறையா தேய்பிறையா என்றெல்லாம் பார்த்துச் செய்தார்கள். ராகுகாலம் பார்த்துப் பட்டறை திறக்கும் நமக்கு இது அந்நியமில்லை. எனக்கு அது பிடிக்கவும் செய்யும். ஆனால் மூன்று மணி நேர உழைப்பு ஒரு மறைந்த தாயக்கட்டையில் போய்விட்டால் மறுநாள் அவர் வரமாட்டார். தோல்வியில் பாதிப் பொருளாவது திரும்பட்டும், இல்லையென்றால் அடுத்த முயற்சிக்கு வாய்ப்புக் கூடட்டும்.

7. மான்ஸ்டர் வாள் கொடுத்தால் கொல்லர் என்ன செய்வார்?

கிராஃப்டிங்கின் முதல் எதிரி லூட், அதாவது மான்ஸ்டரைக் கொன்றால் விழும் பொருள். குகை அரக்கனைக் கொன்றால் கொல்லர் செய்வதைவிட நல்ல வாள் விழும் என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். எளிய தீர்வு, அரக்கன் வாளைக் கொடுக்காமல் வாளுக்கு வேண்டிய அரிய பாகத்தைக் கொடுப்பது. வேட்டைக்காரர் அதைக் கொண்டு கொல்லரிடம் வந்தாக வேண்டும்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது ஆல்பியன் ஆன்லைனில் உள்ள கள்ளச்சந்தை. பெர்லின் நிறுவனம் ஒன்று செய்து 2017-இல் முறையாக வெளியான ஆட்டம் அது. அங்கே கேர்லியான் என்ற நகரத்தில் ஒரு சந்தை ஆட்டக்காரர்கள் செய்த பொருளைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். மான்ஸ்டர்களைக் கொல்லும்போது விழுவது அந்தப் பொருட்கள்தான். லூட் கிடைத்த மகிழ்ச்சியும் குறையவில்லை, கொல்லர் பிழைப்பும் கெடவில்லை. முதல் ஆட்டத்திலேயே இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன்; மனதில் போட்டு வையுங்கள்.

8. ஓட்டை தேடும் நாள்

ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். என் ஆட்டத்தில் ஒரு கத்திக்கு 4 இரும்பு. கத்தியை உருக்கினால் 3 இரும்பு திரும்பும். நஷ்டம்தானே, பிரச்சினை இல்லை. ஒரு மாதம் கழித்து, தேர்ந்த கொல்லருக்கு 30% பொருள் மிச்சமாகும் என்று ஒரு திறன் சேர்த்தேன். அதுவும் நியாயமான பரிசுதான். இரண்டும் சேர்ந்தால்? கத்திக்கு 2.8 இரும்பு, உருக்கினால் 3. ஒவ்வொரு சுற்றிலும் 0.2 இரும்பு காற்றிலிருந்து வருகிறது, கூடவே அனுபவப் புள்ளியும். ஓர் இரவு முழுக்க ஒருவன் கத்தி செய்து உருக்கிக்கொண்டே இருந்தான். காலையில் பார்த்தால் அவனிடம் மலையளவு இரும்பு. தப்பு அவன்மேல் இல்லை.

அதனால் சோதிக்கும்போது எல்லாச் சலுகைகளையும் ஒரே ஆளுக்கு உச்சத்தில் வைத்துச் சோதியுங்கள். அப்போதும் உருக்கினால் திரும்புவது செலவானதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கடைக்காரப் பொம்மை விற்கும் மூலப்பொருளின் விலை, அதே பொம்மை முடிந்த பொருளுக்குக் கொடுக்கும் விலையைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். அதில் தவறினால் உங்கள் கடைக்காரர் காசு அச்சடிக்கும் இயந்திரம்.

நிரல் எழுதுகிறவருக்கு ஒரு வார்த்தை. மூலப்பொருளை எடுப்பதும் முடிந்த பொருளைக் கொடுப்பதும் சர்வரில் ஒரே பரிவர்த்தனையாக நடக்க வேண்டும். இரண்டும் நடக்கட்டும், அல்லது எதுவும் நடக்க வேண்டாம். நடுவில் இணைப்பு அறுந்தால் பொருள் இரட்டிக்கும் ஓட்டை அங்கேதான் பிறக்கும். ஆட்டக்காரரின் கணினி அனுப்பும் கணக்கை நம்பவே நம்பாதீர்கள்.

9. திரை

நல்ல அமைப்பையும் மோசமான திரை கெடுத்துவிடும். எது குறைகிறது, அது எங்கே கிடைக்கும் என்று செய்முறையிலேயே காட்டுங்கள். பெட்டகத்தில் உள்ள பொருளைப் பட்டறையில் நின்றே பயன்படுத்த விடுங்கள்; கில்ட் வார்ஸ் 2 அப்படித்தான் விடுகிறது, அதற்குப் பிறகு வேறு ஆட்டங்களில் பைக்கும் பெட்டிக்கும் நடப்பது தண்டனையாகத் தெரியும். செய்தவர் பெயர் பொருளில் இருக்கட்டும். இதற்கு ஒரே ஒரு வரி நிரல், ஆனால் ஆட்டக்காரர்கள் கொண்டாடுவார்கள்.

10. முதலில் காகிதத்தில்

நிரல் எழுதும் முன் நாலு பேரைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வையுங்கள். தாதுவுக்குப் புளியங்கொட்டை, கரிக்கு மிளகு, தோலுக்குக் காகிதத் துண்டு. ஒரு சுற்று என்பது ஆட்டத்தில் ஒரு மணி நேரம். இருவர் வேட்டைக்காரர், ஒருவர் கொல்லர், ஒருவர் வைத்தியர். பத்துச் சுற்று ஓட்டுங்கள், விலையை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார், யார் முன்னால் கொட்டை குவிகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான் மூன்று வாரத்தில் கண்டுபிடித்த கோளாறு இந்த மேசையில் ஆறாவது சுற்றில் தெரிந்துவிட்டது.

ஆட்டம் திறந்த பிறகு தினமும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண்களைப் பதிவு செய்யுங்கள்: இன்று எத்தனை செய்யப்பட்டது, எத்தனை அழிந்தது, எத்தனை வெவ்வேறு ஆட்கள் விற்றார்கள். செய்தது அழிந்ததைவிட வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள். விற்றவர் எண்ணிக்கை இரண்டு மூன்றாகச் சுருங்கினால் மூன்றாவது படியில் மூலப்பொருள் யார் கையில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

அந்தக் கொல்லர் நண்பன் இரண்டாவது முயற்சியிலும் கொல்லர் வேலையைத்தான் எடுத்தான். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பினான்: "வடக்குச் சுரங்கத்துல இன்னும் ரெண்டு நாளைக்கு அதே இரும்பு இருக்குமா? நாலு ஆர்டர் பாக்கி இருக்கு." சொல்ல மாட்டேன் என்று பதில் அனுப்பிவிட்டேன்.